குட்டி யானைக்கு எஃப்சி: ஆய்வாளர் பார்ப்பது என்ன, அதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது என்ன

2016 மாடல் குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, முடிகிறது. அங்கே என்னென்ன பார்ப்பார்கள், பெயிண்ட் வேலையோடு சேர்த்து மொத்தமாக ஒரு தொகை பேசுகிற புரோக்கரிடம் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, புரோக்கர் கதையைக் கடைசியில் பேசுவோம். முதலில் உங்களிடம் இதை விற்றவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம்.

இந்த வண்டிக்கு இனி வருடா வருடம் எஃப்சி. மஞ்சள் போர்டு வண்டி புதிதாக வாங்கும்போது முதல் இரண்டு வருடத்துக்கு எஃப்சி கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும் என்றுதான் முன்பு இருந்தது. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதியை மாற்றி, வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். உங்கள் வண்டி அந்த எட்டைத் தாண்டிவிட்டது. முந்தைய ஓனர் பழைய கணக்கில் "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா காட்டினா போதும்" என்று சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். வெள்ளை போர்டு கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் தப்பாக வழிகாட்டுவார்கள். அவர்களுக்கு 15 வருடத்துக்குப் பதிவு, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பு. உங்கள் கணக்கு வேறு.

எஃப்சி இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைப் பலர் "ஃபைன் கட்டிக்கலாம்" என்று லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 56ஆவது பிரிவு சொல்வது அதைவிடக் கடுமை. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டி, செல்லுபடியாகும் பதிவு உள்ள வண்டியாகவே கருதப்படாது. அதாவது சட்டத்தின் கண்ணில் நீங்கள் நம்பர் வாங்காத வண்டியை ரோட்டில் ஓட்டுகிறீர்கள். முதல் தடவை பிடிபட்டால் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை, மறுபடி பிடிபட்டால் 5,000 முதல் 10,000 வரை அபராதம் அல்லது ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். விபத்து நடந்த நாளில் எஃப்சி உயிரோடு இருந்ததா என்பது கிளெய்ம் போடும்போது கம்பெனி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. தேதி தாண்டிப் போய் நின்றாலும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று விதியில் இருக்கிறது. ஆகவே கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது பேப்பர். எஃப்சியில் திரும்பி வருகிற வண்டிகளில் நிறைய, வண்டியை யாரும் தொடுவதற்கு முன்பே பேப்பரில் திரும்பியவை. செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? மாறவில்லை என்றால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம் போடும்போது ஓடிபி விற்றவரின் செல்லுக்குப் போகும். அவர் போனை எடுக்கிற மனநிலையில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வண்டி மேல் ஃபைனான்ஸ் பதிவு நீங்காமல் கிடக்கிறதா என்பதையும் அதே தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ரோடு டேக்ஸ், பசுமை வரி பாக்கி, யாரோ எந்த ஊரிலோ சிக்னல் தாண்டியதற்கு வந்த இ-சலான் எல்லாம் அங்கே தெரியும். பழைய ஓனர் வாங்கிய சலானுக்கும் இப்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். புகைச் சான்று பிஎஸ்-3 வண்டிக்கு 6 மாதம், பிஎஸ்-4 வண்டிக்கு ஒரு வருடம் செல்லும் (பிஎஸ் என்பது வண்டி எந்தப் புகை விதிப்படி தயாரானது என்பதற்கான எண்). உங்களுடையது எது என்று ஆர்சியில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 2016இல் இரண்டு வகையும் விற்பனையில் இருந்தன. ஃபாஸ்டாக் ஒட்டியிருந்தால்தான் எஃப்சி புதுப்பிப்பு என்றும் ஒரு விதி இருக்கிறது. கண்ணாடியில் பழைய ஓனரின் டேக் அப்படியே இருந்தால் அதை மூடிவிட்டு உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள். பெர்மிட் பற்றி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குச் சட்டமே பெர்மிட்டில் விலக்கு கொடுத்திருக்கிறது, குட்டி யானை அதற்குள் அடக்கம். "பெர்மிட் வேலைக்கும் சேர்த்து" என்று யாராவது தொகை சொன்னால், அந்த ஆளிடம் மற்றதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கட்டணத்தை இங்கே ரூபாய் கணக்கில் சொல்லாமல் விடுகிறேன். 2016 டிசம்பரில் போட்ட விதிப்படி இந்த அளவு வண்டிக்குச் சோதனைக்கு 400, சான்றுக்கு 200 என்று இருந்தது. பிறகு வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும்படி மாற்றிவிட்டார்கள். நீங்கள் விண்ணப்பம் போடும்போது தளம் காட்டுகிற தொகைதான் உங்களுக்கானது. அதற்குமேல் வெளியே சொல்லப்படுகிற எந்தத் தொகையும் அரசுக் கட்டணம் இல்லை.

பேப்பர் சரியானதும் தேதி எடுத்து வண்டியைக் காட்டப் போகிறீர்கள். ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்திலோ, அவர்கள் சொல்கிற ஒரு திடலிலோ வரிசை நிற்கும். ஆய்வு செய்கிறவர் மோட்டார் வாகன ஆய்வாளர், ஊரில் எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் முதலில் பார்ப்பது சேஸ் நம்பர். பென்சில் வைத்துத் தேய்த்த பிரிண்ட் கேட்பார்கள், அல்லது நேரில் பார்ப்பார்கள். அந்த இடத்தில் துரு, கிரீஸ், போன வருடம் அடித்த பெயிண்ட் எல்லாம் சேர்ந்து நம்பர் மங்கியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். முந்தின நாளே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தயவுசெய்து அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். எஃப்சி வேலை செய்கிற பெயிண்டர் பையன்கள் சேஸ் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு நம்பரையும் சேர்த்து மூடிவிடுவார்கள்.

பிறகு வண்டியை ஒரு சுற்று வருவார். ஹெட்லைட் ஹை, லோ, இண்டிகேட்டர் நாலும், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட்டுக்கு மேல் இருக்கிற சின்ன பல்பு. அந்தச் சின்ன பல்பு எரியாமல் திரும்பிய வண்டிகள் ஏராளம். ஹாரன், வைப்பர், கண்ணாடிகள், சீட் பெல்ட், ஸ்டெப்னி, முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பெட்டி. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். கடையில் மலிவாகக் கிடைக்கிற பளபள ஸ்டிக்கரை வாங்கி ஒட்டினால் செல்லாது. ஏஐஎஸ் 090 தர முத்திரை அந்த ஸ்டிக்கரின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். கதவில் வண்டி எடை, ஏற்றிய எடை, எஃப்சி தேதி எழுதியிருக்க வேண்டும். ஏர் ஹாரன், முன்னால் கம்பி பம்பர், கண் கூசுகிற எல்இடி பட்டை இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்பீடு கவர்னர் பற்றிக் குழப்பம் அதிகம். சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும் என்பது விதி. 2015 அக்டோபருக்குப் பின் வந்த வண்டிகளில் கம்பெனியே பொருத்தியிருக்க வேண்டும். 80க்குமேல் போகவே முடியாது என்று சோதனை நிலையம் சான்று கொடுத்த மாடல்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் மாடல் எந்த வகை என்பதை ஷோரூமிலோ ஆபீஸிலோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்காமல் ஒரு கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு வராதீர்கள்.

குட்டி யானைக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பாடியில். காய்கறிக்கும் தண்ணீர் கேனுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று பக்கப் பலகையை உயர்த்தியிருப்பார்கள், கூண்டு கட்டியிருப்பார்கள், பின் பலகையை நீட்டியிருப்பார்கள். ஆர்சியில் ஓப்பன் பாடி என்று இருக்கும், நேரில் கூண்டு நிற்கும். அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது தனிக் குற்றம். நீங்கள் வாங்கிய வண்டியில் அப்படி ஏதாவது இருந்தால் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றக்கூடியதைக் கழற்றுங்கள், கழற்ற முடியாததை முறைப்படி ஆர்சியில் ஏற்றப் பாருங்கள். இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. ஒரு மாதம் கையில் இருக்கும்போதே ஆரம்பிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சுற்றிப் பார்த்த பிறகு உள்ளே ஏறி ஓட்டிப் பார்ப்பார், அல்லது உங்களை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்வார். கொஞ்ச தூரம் போய் ஒரே அழுத்தாக பிரேக். வண்டி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா? ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு? விதி 30 டிகிரிவரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால் அது ரொம்பத் தாராளம். பாதி அளவு ஆடினாலே பைபாஸில் பக்கத்தில் பஸ் முந்தும்போது உங்களுக்குக் கை நடுங்கும். இதோடு மைதானத்தில் நடப்பது பெரும்பாலும் முடிந்தது. செல்போனில் வண்டியைப் படம் எடுத்து ஏற்றுவார்கள். வரிசையில் நிற்கிற நேரம்தான் நீளம், ஆய்வு நிமிடக் கணக்கு.

அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி வண்டிக்கு மேலிருந்து கீழ்வரை பெயிண்ட் அடிக்கிறார்கள். பட்டி பார்த்து, டிங்கரிங் செய்து, வீலுக்கு வெள்ளி, சேஸுக்குக் கறுப்பு. செலவில் முக்கால்வாசி இதற்கே போய்விடும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகரத்தை அடைக்கத்தான் வேண்டும், உடைந்த கதவுப் பிடியை மாற்றத்தான் வேண்டும். அதற்குமேல் நிறம் மங்கியிருக்கிறது என்ற காரணத்துக்காகச் செய்கிற செலவு எனக்கு உடன்பாடில்லை. அதே பணத்தில் நாலு வீலையும் கழற்றிப் பார்த்துவிடலாம்.

கழற்றினால் என்ன தெரியும்? இந்த வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் டிரம்மைத் திறந்தால் லைனிங் தேய்ந்திருப்பதைவிட அடிக்கடி பார்ப்பது, ஒரு பக்க லைனிங் எண்ணெயில் ஊறியிருப்பது. ஆக்சில் ஆயில் சீல் கசிந்திருக்கும், இல்லையென்றால் வீல் சிலிண்டர் கசிந்திருக்கும். ஊறின பக்கம் பிடிக்காது, காய்ந்த பக்கம் மட்டும் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். மெக்கானிக் சிலர் ஊறின லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிடுவார்கள். எஃப்சி நாளுக்கு அது தாங்கும். லோடு ஏற்றி ஒரு மலைப்பாதை இறங்கினால் மறுபடி பழைய கதை. சீலையும் மாற்றி, இரண்டு பக்க லைனிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமமாக இருக்காது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது, அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற பொருள், சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி பெடல் பஞ்சாகிவிடும்.

முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் தேய்ந்திருப்பது வீல் பேரிங் அல்லது கிங்பின் (முன் சக்கரம் திரும்புகிற அச்சாணி). உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள், ஆட்டம் நின்றால் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங்பின். இடமும் வலமும் ஆட்டினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை) தேய்ந்திருக்கிறதா என்று தெரியும்.

ஸ்பிரிங் பட்டையையும் எண்ணிப் பாருங்கள். லோடு தாங்க வேண்டும் என்று பின்னால் கூடுதலாக ஒரு பட்டை ஏற்றியிருப்பார்கள். பட்டை ஏற்றியதால் வண்டி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது. ஆக்சிலும் பிரேக்கும் பழையதுதான். காலி வண்டியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும், ஹெட்லைட் தரையைப் பார்க்கும். அதைச் சரிசெய்ய லைட்டை மேலே திருகி வைப்பார்கள். பிறகு லோடு ஏற்றினால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஹெட்லைட் செட்டிங் சரியில்லை என்று வண்டி திரும்பி வந்தால் முதலில் பல்பைப் பார்க்காமல் பின் பட்டையைப் பாருங்கள்.

டயர் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடாக ஒரு அடையாளம் இருக்கும், ரப்பர் அந்த மேடு அளவுக்குத் தேய்ந்துவிட்டால் முடிந்தது. எஃப்சி நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு மழை நாளில் விலை உண்டு.

புகை. டெய்ல் பைப்பில் கருவியைச் செருகி, நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து விடுவார்கள், அதுபோலப் பலமுறை. பழைய டீசல் வண்டிக்கு 2.45, பிஎஸ்-4 டீசலுக்கு 1.62 என்பது புகை அடர்த்தி அளவின் மேல்வரம்பு. எஞ்சின் ஆறிப்போய் இருந்தால் நல்ல வண்டியும் அதிகமாகக் காட்டும். ஆகவே வீட்டிலிருந்து நேராகப் பத்து நிமிடத்தில் போய் நிற்காமல், கொஞ்சம் சுற்றி ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். அப்படியும் கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பம்பு, நாசில் என்று பெரிய செலவுக்குப் போவது அதற்குப் பிறகு.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் கண்ணால் பார்க்கிற இந்த முறை மாறிக்கொண்டு வருகிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு 2021 செப்டம்பரில் விதி போட்டது. கட்டாயமாகும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலும் திசை அதுதான். அப்படி ஒரு நிலையம் உங்கள் பகுதியில் இயங்கினால் அங்கேதான் போக வேண்டியிருக்கும். அங்கே வண்டியை உருளைமேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக அளப்பார்கள். இடது வலது வித்தியாசம் எண்ணாக வந்து நிற்கும். சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது, ஹெட்லைட் ஒளி எங்கே விழுகிறது, ஹாரன் சத்தம் எவ்வளவு, மீட்டர் காட்டுகிற வேகம் சரியா, எல்லாமே கருவியில். ஆக்சில் ஆட்டத்தைக் காட்ட ஒரு தகடு வண்டியின் முன் சக்கரத்தை அசைத்துப் பார்க்கும். இத்தனை கருவியில் ஒன்றுகூட உங்கள் பெயிண்டின் பளபளப்பை அளக்காது. கழுவின லைனிங் அந்த உருளையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

திருப்பி அனுப்பினால் கலங்க வேண்டாம், அங்கேயே நின்று வாதாடவும் வேண்டாம். தகுதிச் சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 56ஆவது பிரிவிலேயே இருக்கிறது. "பிரேக் சரியில்லை, போய்ட்டு வா" என்று வாயால் சொன்னால், பணிவாக, "சார், குறையை எழுதிக் கொடுத்தீங்கன்னா பட்டறையில காட்டி சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்று கேளுங்கள். உண்மையான குறை என்றால் எழுதித் தருவதில் அவருக்குச் சிரமம் இல்லை. இல்லாத குறை என்றால் அது எழுத்தில் ஏறாது. இந்த ஒரு வரி நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது புரோக்கர். விண்ணப்பம் போட, தேதி எடுக்க, நாள் முழுக்க வரிசையில் நிற்க நேரம் இல்லாதவர்களுக்கு அந்த உதவி தேவைப்படலாம், அதற்கு ஒரு கூலி கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று பேசும்போது அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, வேலைக்கூலி எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு, மீதி யாருக்கு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல முடியாத தொகையைக் கொடுக்காதீர்கள். "வண்டி வரவே வேண்டாம், பேப்பர் மட்டும் கொடுங்க" என்று சொல்கிற ஆளிடம் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். உங்கள் பிரேக்கை யாருமே பார்க்காமல் ஒரு வருடம் ஓடப்போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். முதல் தடவையாவது நீங்களே போங்கள். அடுத்த வருடம் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எஃப்சி கிடைத்த பிறகு இரண்டு வேலை. பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டுப் புதுத் தேதி ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். கையில் தாள் இருந்து கணினியில் ஏறாவிட்டால் செக்போஸ்டில் அவர்கள் நம்புவது கணினியைத்தான். கதவில் எழுதியிருக்கிற தேதியையும் மாற்றி எழுதச் சொல்லிவிடுங்கள். சான்று கையில் இருந்தாலும் இடையில் வண்டி தகுதி இழந்திருப்பது தெரிந்தால் அதை ரத்து செய்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆகவே கழற்றி வைத்த ஏர் ஹாரனை அடுத்த நாளே மாட்ட வேண்டாம். வீலைக் கழற்றியபோது மாற்றிய லைனிங், சீல், பிரேக் ஆயில் பில்லை ஆர்சி கவரிலேயே தேதியோடு போட்டு வையுங்கள். அடுத்த வருடம் பட்டறையில் "இதெல்லாம் போயிடுச்சு சார்" என்று லிஸ்ட் போடும்போது எடுத்துக் காட்ட உதவும்.